நாற்பத்தோராம் எண்

"இன்னும் டீ வரல!"

மாடியிலிருந்து கணவரின் குரல் மூன்றாவது முறையாக இறங்கி வந்தது. குரல் மட்டும்தான் இறங்கும். ஆள் இறங்க மாட்டார்.

"படி ஏற இவ்வளவு முனகலா? உனக்கு மட்டும்தான் இடுப்பு இருக்கா?" கீழறையிலிருந்து மாமியார் தன் பங்கைப் போட்டார்.

டீ டம்ளரோடு முதல் படியில் கால் வைத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கீழறையே அவளுடையதுதான். பெரியவங்க படி ஏறக் கூடாது என்று அவளாகவே விட்டுக்கொடுத்தாள். கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவர் வேறு! இடுப்பு வலிக்குத் தனியாகப் போய் இரண்டு முறை படம் எடுத்துக்கொண்டு வந்து சொன்னாள். இரண்டு முறையும் "ம்" என்றார்.

ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி ஏறினாள்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் ஒருவரின் ஆராய்ச்சிக்காக இடுப்பு மூட்டின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால், யாருடைய மூட்டு வேகமாகத் தேயும் என்று முன்கூட்டியே சொல்லலாமாம். படங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

"பாவம் இந்த நாப்பத்தொண்ணு! நாலு மில்லிமீட்டர் இருந்தது, நாலே வருஷத்துல ஒண்ணரை ஆயிடுச்சு. இப்படியே போனா சீக்கிரமே நடக்க முடியாது. கூட இருக்கற குறிப்பைப் பாத்தா, இந்தம்மாவ இன்னும் படி ஏற விடறாங்களாம்... வீட்டுல மனுஷங்களே இல்லையா?"

அவள் டம்ளரை வைத்தாள். அலமாரியிலிருந்து, தன் படங்களை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அவள் பெயர். கீழே, 41.

"இருக்காங்களே! ஒருத்தர் டீ கேக்கறாரு. ஒருத்தங்க முனகாதேங்கறாங்க."

அவர் முகம் வெளுத்தது. "நீ... ஏன் சொல்லல?"

"சொல்லலையா? ரெண்டு தடவை சொன்னேன்! யாரோ ஒருத்திக்கு உருகறீங்களே... எனக்கு ஒரு 'ம்'தானா?" அடக்கி வைத்ததெல்லாம் அழுகையாக வெடித்தது.

"என் கையாலயே அளந்தேனே... உன்னைத் தெரியலையே எனக்கு!" அவர் குரல் உடைந்தது.

படிக்கட்டின் கீழே வந்து நின்ற மாமியார் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "டேய்! என் கட்டிலை மேல தூக்குடா. அவ கீழயே இருக்கட்டும்."

"நீங்க படி ஏறக் கூடாது அத்தே!"

"எனக்கு இடுப்புல ஒண்ணுமே இல்லடீ..." மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ரூம்ல காத்து நல்லா வருது. அதான்... வாயத் திறக்கல. என்னை மன்னிச்சிடும்மா."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன குடும்பம் இது!

கணவர் டம்ளரை ஒரு கையில் எடுத்தார். மறு கையை அவளுக்கு நீட்டினார். அந்த வீட்டில் முதல் தடவையாக டீ கீழே இறங்கியது.