ஆண்டிமடத்துக்குப் போன கட்டு

2004 ஜூலை 14. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்தின் பின்னால் ஒரு மாடியில் இயங்கிய சிறு கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு, ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கென அது எழுதிய மென்பொருளின் விளம்பரத் தாள்கள் அச்சகத்திலிருந்து வந்து சேர்ந்தன.

கட்டைப் பிரித்தபோது, அங்கே வேலை பார்த்த லீலாவதியின் மூக்கில் ஏறியது மை வாசனை அல்ல. மூடிய பாத்திரத்தில் மறந்துபோன இறைச்சியின் வாடை. ஜன்னலைத் திறந்தாள், டீசல் புகையும் சாக்கடை ஈரமும் உள்ளே வந்தன, வாடை மட்டும் வெளியே போகவில்லை. மேல் தாளை எடுத்தாள். வழவழப்பான தாள் விரலில் ஒட்டியது. நடுவில் இருந்த மென்பொருள் திரையின் படத்தை அவள்தான் எடுத்திருந்தாள், அரியலூரில் ஒரு பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டரிலிருந்து. பெயரும் ஊரும் தெரியாதபடி மேலே ஒரு கறுப்புப் பட்டையும் வைத்திருந்தாள்.

பட்டை இல்லை.

பாப்பாத்தி, க/பெ கண்ணையன், ஆண்டிமடம். எச்.ஐ.வி.: பாசிட்டிவ்.

அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"ஆமாங்க மேடம், படத்து மேல கறுப்பா என்னமோ ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இழுத்தேன், தனியா வந்துடுச்சு" என்றார் அச்சகத்து சிங்காரவேலு. "பளிச்சுன்னு இருக்குல்ல?"

முதலாளி குருமூர்த்தி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பேரை எவம்மா படிக்கப்போறான்? நம்ம சேல்ஸ் பையன் செல்லதுரை காலையிலயே அச்சகத்துல ஒரு கட்டு வாங்கிட்டு ஆண்டிமடம் போயிட்டான். மத்ததுல வேணா மார்க்கரால அடிச்சுக்க." எச்சில் விரலால் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பாப்பாத்தியின் பெயர்மேல் தயிர் வழிந்தது. லீலாவதிக்கு அருவருப்பாக இருந்தது. அவரைப் பார்த்தா தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஒரு மார்க்கரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜன்னலோர இருக்கையில், கையில் இருந்த தாளில் அந்தப் பெயரின்மேல் மார்க்கரை அழுத்தி இழுத்தாள். மை காயவில்லை. பால் ஆடைபோலச் சுருங்கி ஓரத்துக்கு விலகியது. அடியில் எழுத்துகள் புண்ணின் விளிம்பைப் போலத் தடித்திருந்தன. மறுபடி அடித்தாள். மறுபடி விலகியது. தொட்டால் தாள் இளஞ்சூடாக இருந்தது.

ஆண்டிமடத்தில் இறங்கியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. போண்டாக் கடையில் செல்லதுரை கொடுத்த தாள்களைக் கிழித்துக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் பெயர் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"யோவ், இது நம்ம முந்திரி உடைக்கிற பாப்பாத்திய்யா."

"அய்யய்ய! அவ உடைச்ச பருப்பைத்தானடா இவ்வளவு நாளா தின்னோம்?" என்றவன் மென்றதைத் துப்பினான். சிரித்தார்கள். இன்னொருவனும் துப்பினான்.

"அதைக் குடுங்க" என்று லீலாவதி கை நீட்டினாள்.

"ஊரே படிச்சாச்சும்மா. இனி எதுக்கு?"

வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரே பக்கமாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலில் கூட்டம். யாரும் படி ஏறவில்லை. துண்டாலும் முந்தானையாலும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். "புருசன் மத்தியானமே பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்" என்றது ஒரு குரல்.

லீலாவதி மட்டும் உள்ளே போனாள்.

கரிந்த வாடை. இருட்டு. சளக் சளக்கென்று ஏதோ பூசும் சத்தம்.

பாப்பாத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டின். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் கறுப்பு எண்ணெய். துளி பட்டாலும் தோல் வெந்து உரியும். சாம்பலைப் பூசிக்கொள்ளாமல் யாரும் கொட்டை உடைக்க உட்கார்வதில்லை.

கையால் அள்ளினாள். தடவினாள்.

அள்ளினாள்.

"அக்கா" என்றாள் லீலாவதி.

திரும்பினாள். முகம் இருந்த இடத்தில் கறுப்பு. அது கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"இப்ப யாருன்னு தெரியுதாங்க?"

பாப்பாத்தி பிழைத்துக்கொண்டாள், பார்வை போய்விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் மேலும் ஒன்பது பரிசோதனை நிலையங்கள் அந்த மென்பொருளை வாங்கின.