ஏழாம் படுக்கை கூப்பிடுகிறது

மதியச் சாப்பாடு முடிந்து தட்டு கழுவும் சத்தம் அடங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் அந்த முதியோர் மருத்துவமனைக்குள் நுழைந்தான். வெளியே மழை பிடித்திருந்தது. பட்டப்பகலிலேயே நடைபாதையில் விளக்குப் போட்டிருந்தார்கள். போட்டும் பிரயோஜனமில்லை, சுவரோரத்து இருட்டு நகரவே இல்லை. பினாயில் வாசனைக்கு அடியில் காயாத துணியின் நாற்றம் வந்தது. காவலாளி பின்பக்க வார்டுக்கு வழியைக் கையால் காட்டினாரே தவிர, கூட வரவில்லை.

தன் தொழில் என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க அவனால் இன்றுவரை முடிந்ததில்லை. 'கம்ப்யூட்டருக்கு டிரைவர் எழுதுறேன்' என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னதற்கு, என்ன வண்டி, எவ்வளவு மைலேஜ் என்று பெரிய மாமா விசாரித்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் அவன் 'டிரைவர் மாப்பிள்ளை'.

உண்மையில் வேலை இதுதான். ஒவ்வொரு படுக்கைக்கும் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி இருக்கும். மெத்தைக்கு அடியில் மூச்சை எண்ணும் சென்சார், தலைமாட்டில் உடம்புச் சூட்டைப் பார்க்கும் சென்சார், கைக்கு எட்டும் இடத்தில் நர்ஸைக் கூப்பிடும் பட்டன். மூன்றின் வயரும் அந்த ஒரே பெட்டிக்குள் போகும். ஹப் என்பார்கள். ஹப்புக்கு வாய் ஒன்றுதான், ஒருவர் பேசி முடித்தால்தான் அடுத்தவருக்கு முறை. அது சொல்வதைக் கேட்டு, யார் சொன்னது என்று பிரித்து, நர்ஸின் திரைக்கு அனுப்பி வைப்பதுதான் டிரைவர். அதை எழுதியவன் இவன்.

தலைமை நர்ஸ் வார்டு வாசலிலேயே காத்திருந்தார். ஏழாம் படுக்கையில் ஆளில்லை, ஆனால் திரையில் மூச்சு வருகிறது, புதிதாக யாரையும் அதில் படுக்கவைக்க மற்ற நர்ஸுகள் பயப்படுகிறார்கள் என்று அவர் போனில் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி வேறு சொன்னான். இப்போது அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது.

ஏழாம் படுக்கையில் விரிப்பை உருவியிருந்தார்கள். மெத்தையின் நடுவில் ஒரு ஆள் வெகுநாள் படுத்த குழி. தலைமாட்டில் மடித்து வைத்த ஒரு போர்வை. கூப்பிடும் பட்டன் அந்தப் போர்வையின் நுனியில் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. அங்கே படுத்திருந்த அம்மா தையல் வேலை பார்த்தவராம். பக்கவாதத்தில் குரல் போய்விட்டது. பட்டன் கீழே விழுந்துவிட்டால் கூப்பிட வழியில்லை என்று, நடுங்கும் கையால் அவரே கட்டிக்கொண்ட முடிச்சு அது.

நர்ஸின் மேசைத் திரையில் ஏழாம் எண்ணுக்கு நேராக, மூச்சு பதினாறு என்று பச்சை எழுத்தில் இருந்தது.

"எப்பலேருந்து இப்படிக் காட்டுது சிஸ்டர்?" என்று கேட்டபடி லேப்டாப்பைத் திறந்தான்.

"அந்தம்மா போன அன்னைக்குக் காலையிலேருந்து. அதே பதினாறு. கூடவுமில்ல, குறையவுமில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் போய்த் தொட்டா ஜில்லுனு இருக்காங்க. அதுவரைக்கும் நான் திரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன் தம்பி. எழுந்து போய் ஒரு எட்டுப் பார்க்கல."

அதைச் சொல்லும்போது அவர் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஹப்பிடமிருந்து பதில் வராவிட்டால் திரையில் சிவப்புக் கோடு மின்ன வேண்டும். இந்தச் சாதனத்தை வாங்க வந்தவர்களுக்கு முதன்முதலில் காட்டிய அன்று, அந்தச் சிவப்பு மின்னி மின்னி மானத்தை வாங்கியது. மேலதிகாரி முறைத்தார். அன்றே அவன் டிரைவரில் இரண்டு வரி சேர்த்தான்: பதில் வரவில்லை என்றால், கடைசியாக வந்த பதிலையே திரும்பச் சொல். திரை அமைதியானது. எல்லோரும் கைகொடுத்தார்கள். இப்போதைக்கு, அப்புறம் எடுத்துவிடலாம் என்றுதான் போட்டான். அவசரத்துக்கு அடித்த ஆணியில்தான் ஆயுசுக்கும் சட்டை தொங்கும்.

ஏழாம் படுக்கையில் மூச்சு சென்சாரின் வயர் நைந்திருந்தது. அன்று காலையில் அது பேச்சை நிறுத்த, ஹப் அதன் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டது. ஹப் நின்றதால், அடுத்த முறைக்காகப் பின்னால் நின்ற பட்டனும் நின்றது. டிரைவர் மட்டும் கிளிப்பிள்ளையாகப் பதினாறு, பதினாறு என்று பகல் முழுக்க ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னார். கொடுத்து வச்சவங்க," என்றார் நர்ஸ். "பட்டனைக்கூட அமுக்கல பாருங்க."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை அவன் விழுங்கினான். ஒரு நிமிஷ வேலைதான் சிஸ்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு, படுக்கைக்கு அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அந்த இரண்டு வரியையும் அழித்தான். பேசாத சென்சாரைத் தாண்டி அடுத்ததைக் கேள் என்று ஹப்புக்குக் கட்டளை கொடுத்தான்.

திரையில் பதினாறு போய்ச் சிவப்புக் கோடு வந்தது. நர்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டார்.

பிறகு மணி அடித்தது.

அவருடைய மேசை மேலிருக்கும் அழைப்பு மணி. ஏழாம் படுக்கைக்கு மேலே சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

"பழசு சிஸ்டர். ஹப்புக்குள்ள தேங்கி இருந்தது இப்ப வெளிய வருது," என்றான். அது நிஜம்தான். ஒவ்வொரு அழுத்தலும் அன்றைய தேதியோடு லேப்டாப்பில் வந்து விழுந்தது. காலை. முற்பகல். மதியம். நடுவே சற்று நேரம் ஒன்றுமில்லை, களைத்திருப்பார். மறுபடி மதியம், மறுபடி. தான் சொன்னது என்னவென்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நர்ஸுக்கும் உறைத்துவிட்டது. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அந்த ஹப்பின் நினைவில் முப்பத்திரண்டு தகவலுக்குத்தான் இடம்.

முப்பத்திரண்டு முடிந்தது.

மணி நிற்கவில்லை.

அவன் தேதியைப் பார்த்தான். இன்றைய தேதி. இந்த நிமிஷம்.

போர்வை நுனியில் பட்டன் உள்ளே போனது. மெல்ல மேலே வந்தது. மறுபடி உள்ளே போனது. அருகில் யாருமில்லை. காயாத துணியின் நாற்றம் இப்போது முகத்துக்கு நேராக, வெதுவெதுப்பாக வந்தது.

"பிடுங்கிடுங்க தம்பி," என்று நர்ஸ் கிசுகிசுத்தார்.

ஹப்பிலிருந்து நர்ஸின் மேசைக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். மணி அடித்தது.

மின்சார வயரைப் பிடுங்கினான். அப்போதும் அடித்தது.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டதும் சட்டென்று நின்றது. அந்த அம்மாவின் மகள், மிச்சப் பொருட்களை எடுத்துப்போக வந்திருந்தாள். அவனைவிடக் கொஞ்சம் மூத்தவள், தூக்கமில்லாத முகம். இந்தச் சாதனத்தைக் கவனிக்கிறவர் என்று நர்ஸ் அவனைக் காட்டியதும் அவள் கைகூப்பினாள். ஏன் கைகூப்பினாள் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. வீட்டாருக்கும் போனில் தெரிகிற உங்கள் திரையைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போய்வந்தேன் என்றாள். அன்றும் நாள் முழுக்கப் பார்த்தாளாம். மூச்சு சீராக இருக்கிறதே, சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாளாம்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "அம்மா கூப்பிட்டாங்களா?"

நர்ஸ் அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போகப்போவது தன் வேலை என்பதும் தெரிந்துதான் இருந்தது.

"இல்லங்க. கூப்பிடல. தூக்கத்துலதான்."

சுவரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

அது ஏன் எரிகிறது என்று கேட்டாள். பழுது, அதைச் சரிசெய்யத்தான் வந்தேன் என்றான். அவள் தலையாட்டிவிட்டுப் போர்வையை எடுத்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், தையல்காரி போட்ட முடிச்சு அவிழவில்லை. பட்டனையும் சேர்த்து எடுத்துப்போகலாமா என்று தயங்கிக் கேட்டாள். அவனே இடுக்கியை எடுத்து வயரை வெட்டிக் கொடுத்தான். வெட்டும்போது விளக்கு அணைந்தது. அப்பாடா என்று நினைத்ததற்காகப் பிறகு வெகுநேரம் தன்னையே திட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் திருத்திய டிரைவரை எல்லா மருத்துவமனைக்கும் அனுப்பினான். என்ன மாற்றம் என்று எழுதவேண்டிய இடத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதினான். விரல் கூசியது. மேலதிகாரி அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் அவன் மேசையில் சோதனைக்காக ஒரு ஹப் எப்போதும் கிடக்கும். சென்சார் எதுவும் மாட்டாத வெறும் பெட்டி. தேநீர் குடிக்க எழுந்தபோது அதன் விளக்கு எரிந்தது. உட்கார்ந்தான், அணைந்தது. பக்கத்து இருக்கைக்காரன் கூப்பிட்டான் என்று எழுந்தான், எரிந்தது. திரையில் ஒரே வரி: ஏழாம் படுக்கை, அழைப்பு.

அன்று மதியம் அவன் சாப்பிடப் போகவில்லை. நர்ஸிடம் மகளின் எண்ணை வாங்கினான். மாடிப்படியில் நின்றுகொண்டு, இரண்டு வரியைப் பற்றியும், நைந்த வயரைப் பற்றியும், முப்பத்திரண்டு அழைப்பைப் பற்றியும் சொன்னான்.

"தெரியும்," என்றாள் கடைசியில். "நேத்து ராத்திரியிலேருந்து அந்தப் பட்டன் அமுங்கிட்டே இருக்கு. நான் பக்கத்துல உக்காந்து, வந்துட்டேம்மா, வந்துட்டேம்மான்னு சொல்லிப் பார்த்துட்டேன். நிக்கல." பிறகு சொன்னாள்: "என்னைக் கூப்பிடல போலிருக்கு. நீங்க வாங்க."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கு அந்த அளவுக்காவது வெட்கம் மிச்சமிருந்தது.

இரண்டாம் மாடியில் சின்ன வீடு. மழை விட்டு, ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. உறை போட்டு மூடிய தையல் மெஷினுக்கு அருகே ஒரு கட்டில், அதன் மேல் அந்தப் போர்வை. டக், டக் என்று பட்டனின் சத்தம் வாசலிலேயே கேட்டது. வெட்டிய வயரின் நுனி காற்றில் தொங்கியது.

கட்டிலருகே ஒரு நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தான்.

சத்தம் நின்றது.

மகள் கதவுநிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போர்வையிடம் மன்னிப்புக் கேட்டான். என்ன சொன்னோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னான், அழுதான். நான் எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டும் அம்மா என்று நர்ஸ் சொல்லவேண்டியதையும் சேர்த்துச் சொன்னான். அறை அமைதியாக இருந்தது. காயாத துணியின் நாற்றம்கூட இல்லை. வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. பாரம் இறங்கியதுபோல இருந்தது அவனுக்கு. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, மனைவியாக இருக்கும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்று எழுந்தான்.

டக்.

உட்கார்ந்தான். நின்றது.

வெகுநேரம் கழித்து, நாற்காலி கிறீச்சிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து பார்த்தான்.

டக். டக். டக்.

மறுபடி உட்கார்ந்தான். கதவுநிலையில் நின்ற மகள் உள்ளே போனாள். ஒரு தலையணையை எடுத்துவந்து, அவன் மடியில் வைத்தாள்.