கங்கு கேட்ட கை

கம்பந்தட்டை வேலிக்கு மேலே ஒரு கை உயர்ந்து, ஓட்டுச்சில்லை ஏந்தி, நெருப்புக்காகக் காத்து நின்றது. வேலிக்கு அப்பால் இருப்பதோ, சென்ற கோடையில் அண்டை வீட்டுக்காரி சௌடேவோடு சேர்ந்து எரிந்துபோன வெறும் மனை. தபாவா கண்களைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கை இல்லை.

நடுப்பகல். மராடி நகருக்கு வடக்கே ஏப்ரல் காற்று கூரைப் புற்களை உரசிச் செல்லும் மாதத்தில், ஊரில் எந்த அடுப்பும் பகலில் எரிவதில்லை. விடியலிலேயே சமைத்துவிட்டுக் கங்கில் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மாலைத் தொழுகைவரை அண்டை வீட்டார் கேட்டாலும் நெருப்புக் கொடுக்கக் கூடாது.

ஊர்க்காவலர் காடோ வந்து அடுப்புச் சாம்பலுக்குள் விரலை நுழைத்தார்.

"தண்ணி ஊத்தினியா, இல்ல மேலாப்புல தெளிச்சியா?"

"ஊத்தியாச்சு அண்ணே. வேணும்னா கையைக் கழுவிக்கோங்க, அவ்வளவு ஈரம்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. எப்படித்தான் பொழுது சாஞ்சதும் உன் எண்ணெய் மட்டும் முதல்ல கொதிக்குதோ."

"கைராசி."

அவர் சிரிக்காமல் போனார்.

கைராசி அல்ல; தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் குழி தோண்டி, சாம்பலால் மூடி, கங்குகளை அவள் உயிரோடு வைத்திருந்தாள். மற்றவர்கள் நெருப்புத் தேடி அலைவதற்குள் அவளுடைய காராமணி வடை விற்றுத் தீர்ந்துவிடும். சென்ற ஆண்டும் அப்படித்தான் வைத்திருந்தாள். காய்ச்சலில் கிடந்த சௌடேவின் குடிசைக்குள் ஆடு நுழையாதிருக்க, பாய்க்கதவை வெளியிலிருந்து கட்டிக்கொடுத்தவளும் அவள்தான். பிறகு காற்று குழியைக் கலைத்தது. பொறி வேலியைத் தாண்டியது. உள்ளேயிருந்து சௌடே கூப்பிட்டாள். ஊரைக் கூட்டினால் யாருடைய நெருப்பு என்று கேட்பார்களே என, கூரை சரியும்வரை தபாவா வாயைத் திறக்கவில்லை.

"அக்கா."

வேலிக்கு அப்பாலிருந்து, வறண்ட தொண்டையில் குரல்.

"கொஞ்சம் நெருப்பு குடேன்."

கருகிய மயிரின் நாற்றம் மெல்ல வந்து, தபாவாவின் மூக்கிலேயே தங்கியது.

"நெருப்பு இல்ல."

"பொய் சொல்லாத அக்கா. அன்னிக்குக் கேக்காமலே குடுத்தியே."

"இல்லன்னா இல்ல. போ."

"சரி. உள்ள டெலு இருக்கால்ல. அவகிட்ட வாங்கிக்கிறேன்."

தபாவா திரும்பினாள். நான்கு வயது மகள் உறங்கட்டும் என்று திறந்துவைத்திருந்த குடிசையின் பாய்க்கதவு மூடியிருந்தது. வெளியே கயிறு. மூன்று முடிச்சுகள். அவள் போடுகிற அதே முடிச்சுகள்.

பானையைத் தள்ளினாள். குழியைத் தோண்டினாள். வெறும் சாம்பல். சில்லென்ற சாம்பல்.

முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அவிழவில்லை. பல்லால் கடித்தாள். அவிழவில்லை.

"டெலு!"

"அம்மா, கத்தாத," என்றது உள்ளிருந்து மகளின் குரல். "சித்தி எனக்குக் கதை சொல்றாங்க."

பாயின் கிழிசலில் கண்ணை வைத்தாள்.

டெலு சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். குவித்த உள்ளங்கைகள் நிறையக் கங்குகள். வலிப்பதாகவே தெரியவில்லை. கரிந்த விரல்கள் அவளுடைய கூந்தலைப் பொறுமையாக மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தன. பின்னப் பின்ன, ஒவ்வொரு இழையும் நுனியிலிருந்து சிவந்துகொண்டு வந்தது.