பெட்டிக்குள் பெய்த மழை

"இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

கதவைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். வாசலில் நின்றவன் மழையில் பாதி நனைந்திருந்தான். ஒரு கையில் கருவிப் பெட்டி, இன்னொரு கையில் குடை... அந்தக் குடையும் பெட்டியைத்தான் நனையாமல் காப்பாற்றியிருந்தது.

அவள் விடவில்லை. மூன்று வாரமாக எத்தனை தடவை போன் செய்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வருகிறோம் என்றால் என்ன அர்த்தம், டிஷ்வாஷர் தட்டைக் கழுவுகிறதா அல்லது ஒரு தட்டின் அழுக்கை எல்லாத் தட்டுக்கும் சமமாகப் பங்கு போடுகிறதா என்று ஒருத்தராவது வந்து பார்க்க வேண்டாமா... மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே போனாள். ஆதாரத்துக்கு ஒரு கண்ணாடி டம்ளர் வேறு கையோடு வந்திருந்தது. அடியில் வெள்ளைப் பிசுக்கு, ஓரத்தில் காய்ந்து ஒட்டிய முட்டை மஞ்சள். அதை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நியாயமான கோபம்தான்," என்றான். "ஆனா நான் வர வேண்டியது மூணாவது மாடிக்கு. அவங்க வாஷிங் மெஷினைப் பார்க்க. இது ரெண்டாவதா?"

அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள்... யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்ப்பது அவள் தொழில் பழக்கம். கண் ஆஸ்பத்திரியை ஒட்டிய ஒரு சின்ன அறையில் எட்டு வருடமாக அவள் செயற்கைக் கண்கள் செய்கிறாள். விபத்திலும் நோயிலும் கண்ணை இழந்தவர்களுக்கு, இன்னொரு கண்ணோடு ஜோடி சேருகிற மாதிரி ஒன்றை வரைந்து கொடுப்பவள்.

டம்ளர் நகர்ந்தபோது அவன் இடது கண் கூடவே நகர்ந்தது. வலது கண் ஒரு இழை பின்தங்கியது. மூன்று விநாடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணு... யாரு வந்திருக்கா?" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

அவன் தோள் லேசாக இறுகியது.

"என்னைத்தான்," என்றாள் அவள் அவசரமாக. "பிறந்ததுலேர்ந்து எனக்கு அதுதான் பேரு."

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். வழி தவறி வந்தாலும் மெக்கானிக் மெக்கானிக்தானே, மேல் வீட்டு வேலை முடிந்ததும் இறங்கி வந்து ஒரு பார்வை பாருங்கள் தம்பி, டீ போட்டு வைக்கிறேன் என்றாள். அவன் அம்மாவின் மணிக்கட்டுகளைப் பார்த்தான். இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாடி ஏறினான்.

அந்த மணிக்கட்டுகளுக்காக வாங்கிய மெஷின்தான் அது. மூட்டுவலி வந்தபிறகு அம்மா பாத்திரம் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. கடைசி இரண்டு மாதமாகத் தட்டில் பிசுக்கு போகவில்லை. மகள் எழுவதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்துக் கையால் கழுவி, மெஷினுக்குள் திரும்ப அடுக்கி வைத்து, இன்னைக்குப் பரவாயில்லை பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் அம்மா. அன்று காலைதான் குட்டு உடைந்தது... அம்மாவின் பிடியிலிருந்து நழுவிய தட்டோடு சேர்ந்து. அந்தக் கோபம்தான் முழுசாக அவன் தலையில் விடிந்திருந்தது.

அரை மணி நேரத்தில் அவன் இறங்கி வந்தான். ஃபில்டரைக் கழுவுகிறீர்களா, உப்பு போடுகிறீர்களா, தட்டுகளை எப்படி அடுக்குகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கீழ் அடுக்கை வெளியே இழுத்து, அடியில் தண்ணீரைப் பீய்ச்சும் நீளமான பிளாஸ்டிக் கையின் துளைகளை மெல்லிய ஊசியால் குத்தித் துடைத்தான். அதிலும் அடைப்பு இல்லை.

"கதவை மூடினப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு எப்பவாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் பார்த்தார்கள்...

அவன் பெட்டியிலிருந்து தீப்பெட்டி அளவு கேமரா ஒன்றை எடுத்தான். தண்ணீர் புகாத உறை, தலையில் ஒரு குட்டி விளக்கு. அதைத் தட்டுகளுக்கு நடுவே செருகி, கதவைச் சாத்தி, மெஷினை ஓட விட்டான். பத்து நிமிடம் கழித்து நிறுத்தி, கேமராவை எடுத்துப் போனோடு இணைத்தான். மூன்று பேரும் சமையலறைத் தரையில், அந்தச் சின்னத் திரையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதலில் இருட்டு. விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் தட்டுகள் வரிசையாக, பேசாமல் காத்திருந்தன. எங்கோ அடியில் ஓர் உறுமல்... பிறகு மழை வந்தது.

அவள் வாழ்நாளில் பார்த்த எந்த மழையும் அப்படிப் பெய்ததில்லை. மேலேயிருந்து பெய்தது, சுவர்களில் மோதித் திரும்பியும் பெய்தது. வெள்ளி நூல்கள் சுழன்று சுழன்று குறுக்கே பின்னிக்கொண்டன. ஒவ்வொரு துளியும் தட்டில் மோதி, உடைந்து, அந்தக் குட்டி விளக்கை ஒரு கணம் தனக்குள் வாங்கிக்கொண்டு விழுந்தது. ஆவி மேகம் மாதிரி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது, கலைந்தது, மறுபடி எழுந்தது. தினமும் தன் இடுப்பு உயரத்தில், ஒரு கதவுக்குப் பின்னால், இது நடந்துகொண்டா இருந்தது... தான் டீ குடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம்...

"நூறு தடவை பார்த்திருப்பேன்," என்றான் அவன் மெல்ல. "இன்னும் அலுக்கலை."

அம்மா வாயில் கை வைத்தபடி இருந்தாள்.

"இங்க பாருங்க." அவன் விரல் திரையின் அடியைக் காட்டியது. மேல் கை நன்றாகச் சுற்றியது. கீழ்க் கை ஒரு முறை அசைந்து, யோசித்து, நின்றுவிட்டது. தண்ணீர் துளைகள் வழியே மேலே போகாமல், கையின் அடிப்பக்கத்தில் எங்கோ கசிந்து வீணாய்ப் போனது. அவன் அந்தக் கையைக் கழற்றித் திருப்பிக் காட்டினான். தையல் விட்ட சட்டை மாதிரி, ஒட்டிய விளிம்பில் மயிரிழை விரிசல். அதைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவன் முகமெல்லாம் பரவியது.

அந்தச் சந்தோஷம்தான் அவளை ஏமாற்றியது. ஏதோ வருடக் கணக்காகப் பழகியவன் மாதிரி தோன்றிவிட்டது. மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"உங்க வலது கண்ணுல நடுவுல இருக்கிற பாவையைக் கொஞ்சம் பெருசா வரைஞ்சிட்டாங்க. அளவும் இப்ப சரியில்லை, அதான் சரியா திரும்ப மாட்டேங்குது. நான் செஞ்சா யாருக்குமே தெரியாது."

குழாயில் ஒரு சொட்டு விழும் சத்தம் கேட்டது.

அவன் விரிசல் விட்ட பிளாஸ்டிக் கையைத் துணியில் சுற்றினான். பொருட்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைத்தான்.

"நீங்க கூப்பிட்டது மெஷினைப் பார்க்கத்தானே..." என்றான். குரலில் கோபம்கூட இல்லை. "பாகம் கிடைச்சதும் கொண்டு வர்றேன்மா," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அம்மா அந்த டீயை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உன்கிட்ட வர்றவங்க எல்லாம் கண்ணைக் கேட்டுட்டு வர்றாங்கடீ. அந்தப் பிள்ளை எதையும் கேட்கலையே."

மறுநாள் அறையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மேஜை இழுப்பறையில் வரிசை வரிசையாகக் கருவிழிகள்... பழுப்பு, தேன், சாம்பல். வெண்விழியில் ஓடும் நரம்புக்காக மயிரினும் மெல்லிய சிவப்புப் பட்டு நூல். எட்டு வருடத்தில் வந்துபோன அத்தனை பேருடைய கண்ணின் நிறத்தையும் அவளால் நினைவிலிருந்து சொல்ல முடியும். அது அவளுடைய கர்வம். தூரிகையைக் கையில் எடுத்தபோது திடீரென்று ஒரு கேள்வி வந்தது.

அவனுடைய நிஜக் கண் என்ன நிறம்?

யோசித்தாள். வரவில்லை. அந்த வலது கண்ணின் வண்ணம், பாவையின் அளவு, விளிம்பின் தேய்மானம் எல்லாம் அச்சாய் நினைவிருந்தது. தன்னைப் பார்த்துச் சிரித்த கண்ணை, அந்த மழையைப் பார்த்து வியந்த கண்ணை... அவள் பார்க்கவே இல்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் கண்ணைப் பார்ப்பவள் என்று தன்னை நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு அசட்டுத்தனம்.

நான்காம் நாள் மாலை அவன் வந்தான். வானம் வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை வணக்கம், பிறகு நேராக வேலை. புதுக் கையைப் பொருத்தி, விரலால் ஒரு சுண்டு சுண்டினான். அது சத்தமில்லாமல் சுழன்றது. இருப்பதிலேயே மோசமான பாத்திரங்களாகப் பார்த்து அடுக்கச் சொன்னான். அம்மா போட்டி போட்டுக்கொண்டு அடுக்கினாள். மெஷின் ஓட ஆரம்பித்ததும், முடியும் வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றான். அம்மாவுக்கு அப்போது பார்த்துக் கீழ் வீட்டில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

இருவரும் சமையலறை மேஜையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. உங்களைப் பார்க்காமல் உங்கள் குறையைப் பார்த்தேன், அதுவும் நீங்கள் கேட்காமலே, அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன், தப்பு என்றாள்.

அவன் தானாகவே சொன்னான். பத்தொன்பது வயதில், வேலை கற்றுக்கொண்ட நாட்களில், இறுகியிருந்த ஒரு ஸ்பிரிங் தெறித்துவிட்டது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இவன் எதைப் பார்த்துக் கிழிக்கப் போகிறான் என்று அப்பாவே கேட்டார். அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் அவர்கள் தன் இடப்பக்கம் வருகிற மாதிரி நிற்பான். பதினொரு வருடம், வேலைக்குப் போகிற வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது.

"நீங்க மூணு செகண்ட்ல கண்டுபிடிச்சிட்டீங்க," என்றான். "கோபம் வரலை. பயம் வந்தது. இவ்வளவு நல்லா பார்க்கிறவங்க முன்னாடி எங்க போய் ஒளியறது..."

"அவ்வளவு நல்லா ஒண்ணும் பார்க்கலை. உங்க இடது கண்ணு என்ன நிறம்னு கேட்டா எனக்குத் தெரியாது. மூணு நாளா அதுதான் உறுத்துது."

அவன் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தான். ஜன்னல் வெளிச்சம் அந்தக் கண்ணில் விழுந்தது. அவள் இப்போது பார்த்தாள்... அடர்ந்த பழுப்பு என்று முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் உள்ளே செம்பு, அதற்கும் உள்ளே பாவையைச் சுற்றி ஒரு மெல்லிய பச்சை வளையம், மழைக்கு மறுநாள் குளத்தின் ஓரம் மாதிரி. பச்சை வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பொன்துகள். அந்தக் கண் அசைந்தது, சுருங்கியது, நனைந்தது. ஆயிரம் கண் வரைந்தவளுக்கு மூச்சு நின்றது. இதை என்னால் வரைய முடியாது என்று அவளுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. அந்த எண்ணத்தில் வருத்தமே இல்லை. ஏதோ மலையடிவாரத்தில் நிற்பது போல இருந்தது.

மெஷின் நின்றது. அவன் எழுந்து கதவைத் திறக்க, ஆவி பொங்கி எழுந்து இருவர் முகத்திலும் படிந்தது. தட்டுகள் பளிச்சென்று நின்றன. ஒரு டம்ளரை எடுத்து அவன் வெளிச்சத்தில் பிடித்தான். கறை எதுவும் இல்லை.

வேலை முடிந்துவிட்டது. இனி அவனுக்கு இங்கே இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. அவள் அவசரமாகப் பேசினாள்.

"நீங்களா கேட்டாத்தான் செய்வேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்... ஒரு கண்ணு வரையணும்னா, ஆறு மணி நேரம் இன்னொரு கண்ணையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

"ஆறு மணி நேரம்தானா?"

அவள் குனிந்துகொண்டாள். அவன் டம்ளரை மேஜையில் வைத்தான்.

"நானும் ஒண்ணு சொல்லணும். இந்தப் பாகம் அன்னைக்குச் சாயந்திரமே கடையில கிடைச்சிடுச்சு. திரும்ப உங்க முன்னாடி வந்து நிக்கத்தான்... மூணு நாள் ஆச்சு. வராமலும் இருக்க முடியலை."

வெளியே படிக்கட்டில் அம்மாவின் செருப்புச் சத்தம் நிதானமாக, மிக நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள். நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், அவனுடைய வலப்பக்கத்தில், பதினொரு வருடமாக யாரையும் அவன் நிற்கவிடாத இடத்தில் நின்றாள். அவன் திரும்பிக்கொள்ளவில்லை.

"ஆறு மணி நேரம் போதாது," என்றாள். "எனக்கு உங்களைப் பார்த்துட்டே இருக்கணும்."