திறந்து வைத்த தெருக்கதவு

அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் கார்ட்டர் லாத்ரப் ஒரு தெருவையே காப்பாற்றிவிட்டார். அவரே மேடை போட்டுச் சொன்னதால்தான் ஊருக்கு அது தெரியும். பழைய மரவீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாடகைக்கு இருந்தவர்களைக் கிளப்பினார், சுவருக்கு இளம் வண்ணம் அடித்தார், வாசலில் வெண்கலப் பலகை மாட்டினார். பலகையில் வீட்டைக் கட்டிய நெல் முதலாளியின் பெயர் இருந்தது. குடியிருந்தவர்களின் பெயருக்கு இடம் போதவில்லையாம்.

கடைசி வீட்டில் அவரும் மனைவி மெலனியும் குடியேறினார்கள். வசந்தத்தில் பழைய வீடுகளைப் பார்க்க டிக்கெட் வாங்கி ஊர் கூடும் வாரம் அது. இந்த ஊரில் தெருக்கதவைத் திறந்தால் வீடு வராது. பக்கவாட்டில் நீண்ட தாழ்வாரம்தான் வரும். படம் எடுப்பவர்களுக்கு வசதியாக அந்தக் கதவை விரியத் திறந்து, அசையாமல் கயிற்றால் கட்டினார் கார்ட்டர்.

பக்கத்து வீட்டு ஒடெஸா கிரிம்பால் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வீட்டை விற்க மாட்டேன் என்று நின்றுவிட்ட ஒரே ஆள்.

"தம்பி, அந்தக் கதவு திறந்திருந்தா, ஆள் இருக்கோம், உள்ள வாங்கன்னு அர்த்தம்."

"வரட்டும் மிஸ் ஒடெஸா. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"டிக்கெட் வாங்கி வர்றவனுக்கு அந்த அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரிஞ்சவங்க வந்துட்டா?"

"அவங்களுக்கும் எலுமிச்சை ஜூஸ் உண்டு."

மதியம் மழை பிடித்துக்கொண்டது. பார்க்க வருபவர் எவரும் வரவில்லை. பகலிலேயே வீடு இருண்டது.

தாழ்வாரப் பலகையில் காலடி கேட்டது.

பிறகு பல காலடிகள்.

"பாவம், நனைஞ்சுட்டு வந்திருக்காங்க," என்று மெலனி ஜூஸோடு போனாள். உப்பங்கழிச் சேற்றின் வாடை உள்ளே ஏறியது. அதோடு மண்ணெண்ணெயும், நண்டு வேகும் மணமும். கார்ட்டர் எட்டிப் பார்த்தார். தாழ்வாரத்தில் மெலனியைத் தவிர ஒருவரும் இல்லை. அவள் காலி நாற்காலிகளுக்கு முன்னால் குனிந்து குனிந்து, "உட்காருங்க, உட்காருங்க," என்றாள். ஆடுநாற்காலிகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின.

காலடிகள் வந்துகொண்டே இருந்தன.

ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

பிறகு ஊன்றுகோலின் ஓசை. டக். ஒரு இழுவை. டக்.

கார்ட்டருக்கு அது தெரியும். ஜனவரிக் குளிரில் இதே வீட்டிலிருந்து அவர் கிளப்பிய ஐசையா கிழவன். போன வேகத்தில் ஒரு மலிவு விடுதியில் செத்துப்போனான். கம்பெனிப் பெயர் பெரிதாகத் தெரிய மலர்வளையம்கூட அனுப்பியிருந்தார்.

"மெலனி, வெளிய வா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். கை ஐஸாக இருந்தது. அவள் நகரவில்லை.

"விருந்தாளிங்க இருக்காங்க, கார்ட்டர்."

கையை விட்டார். ஓடினார். தெருவில் குதித்து, கயிற்றை அறுத்து, கதவை அறைந்து சாத்தினார். மெலனியைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொள்ள, மூச்சு வாங்கும்போதே வாக்கியம் தயாராகிவிட்டது.

ஒடெஸா குடையோடு ஓடி வந்தாள்.

"ஏன்டா சாத்தினே?"

"இனிமே யாரும் உள்ள போக முடியாது."

"சாத்தினா, வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்து சேந்தாச்சுன்னு அர்த்தம்டா," அவள் குரல் இறங்கியது. "உன் பொண்டாட்டி எங்க?"

கார்ட்டர் கைப்பிடியைத் திருகினார். அசையவில்லை. ஓங்கிக் குத்தினார்.

"மெலனி! நான்தான்!"

உள்ளே நாற்காலிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. வெறுங்காலடி ஒன்று கதவருகே வந்தது. மெலனியின் குரல்தான், முன்பின் தெரியாதவரிடம் பேசும் மரியாதையோடு, மெதுவாக:

"மன்னிக்கணும். இன்னிக்கு நாங்க யாரையும் பார்க்கறதில்லீங்க."

'நாங்க' என்றாள்.