சென்டிமீட்டருக்கு ஒரு நாள்

வாசலில் இருந்த தழும்பளவிக் கருவி ஜெசிந்தாவின் இடது இடுப்பில் பச்சை ஒளியை ஓட்டியது. காயம் நான்கு சென்டிமீட்டர். நான்கு நாள் ஓய்வு முடிந்திருந்தது. ஜவுளிக்கடையின் பணியாளர் கதவு திறந்தது.

உள்ளே பத்து மணி நேரம் நிற்க வேண்டும். புதிதாக மாற்றிய இடுப்பு மூட்டைச் சுற்றித் தசை கொதித்தது. எடையை வலது காலில் போட்டு நின்றாள். எட்டு மாதத்தில் வலது இடுப்பு மூட்டும் போயிற்று.

நுண்துளை முறை என்பது மருத்துவர் அருள்நம்பியின் கண்டுபிடிப்பு. அவர் உட்கார்ந்தபடி இயக்க, அறுவைக்கரம் சிறு துளை வழியே இடுப்பு மூட்டை மாற்றும். பழைய முறைக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் கிழிக்க வேண்டும். காயத்தின் நீளமே ஓய்வின் நீளம் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அது சட்டமானது.

வலது இடுப்பு அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் இரண்டு கட்டங்கள். ஏழு ஆண்டுகளாக யாரும் தொடாத இரண்டாவது கட்டத்தில் ஜெசிந்தா குறியிட்டாள். பழைய முறை.

"தப்பா போட்டுட்டீங்கம்மா," என்றார் அருள்நம்பி.

"சரியாத்தான் போட்டிருக்கேன். எலும்ப எவ்வளவு வெட்டுவீங்க டாக்டர்?"

"ரெண்டு முறையிலயும் ஒரே அளவுதான்."

"அத எந்த மெஷின் அளக்குது?"

அருள்நம்பி படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"பெரிய வெட்டுன்னா வலி கூடும். இது வெறும் கீறல். நாலு நாள் போதும்னு ஆய்வு பண்ணித்தான் சொன்னேன்."

"யார நிக்க வச்சு ஆய்வு பண்ணீங்க?"

ஆய்வில் இருந்த எல்லோரும் நாற்காலியில் வேலை பார்ப்பவர்கள்.

"வலி இப்பவும்தான் இருக்கு. லீவுதான் இல்ல," என்றாள் ஜெசிந்தா. "நான் துணி கிழிக்கும்போது ரெண்டு விரக்கடை கூட விட்டுக் கிழிப்பேன். துணி சுருங்கும்னு தெரியும். நீங்க மனுஷிக்குக் கணக்கா வெட்டுதீங்க."

தட்டை ஏந்தி நின்ற செவிலி லீமா சிரித்துவிட்டாள். கால் மாற்றி நின்றாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் அருள்நம்பி.

"ஒண்ணுமில்ல சார்."

சட்டப்படி அவர் மறுக்க முடியாது. கிழித்தார். ஜெசிந்தாவுக்கு இருபத்தைந்து நாள் கிடைத்தது.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, அருள்நம்பி அன்றைய அறுவைப் பட்டியலைத் திறந்தார். ஐந்து பேர். ஐவரும் இரண்டாவது கட்டம்.

"லீமா, என்ன இது?"

அருகில் நின்றது வேறொரு செவிலி. "லீமாக்கா உள்ள படுத்திருக்காங்க சார். முதல் கேஸ் அவங்கதான்."

அறுவைக்கரத்துக்கு நீண்ட வெட்டுத் தெரியாது. அந்த மருத்துவமனையில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். நின்றுதான் வெட்ட வேண்டும். ஒன்பது மணி நேரம் நின்றார்.

நான்காவது ஆளைத் தைக்கும்போது அவருடைய இடுப்பில் ஏதோ சுருக்கென்றது.

"ஒரு நாற்காலி போடுங்க."

"தியேட்டர்ல கிடையாது சார். நர்ஸுங்க உட்காருறாங்கன்னு நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

எடையை அடுத்த காலுக்கு மாற்றிக்கொண்டார்.

"காயம் ஏதும் இருக்கா சார்?" என்று கேட்டாள் செவிலி.