தடுமாறாத வாய்

அட்டையில் குடை இருந்தது. "குடை" என்ற சொல்லும் பிசகின்றி ஒலித்தது. ஆனால் அதைச் சொல்லத் தான் முயலவேயில்லை என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து நிலைய அறிவிப்பாளராக இருந்தவளுக்குத் தன் குரல் தன்னை முந்திக்கொண்டு ஓடுவது புதிதல்ல. ஆகவே முதலில் அதை அவள் பொருட்படுத்தவில்லை. தலை இரும்புக் கவ்வியில் இறுக்கப்பட்டிருக்க, பச்சைத் திரைக்கு இப்பால் விழித்தபடியே படுத்திருந்தாள். இடக் காதுக்கு மேலே எலும்பைத் துளைத்தபோது எழுந்த கருகல் வாடை இன்னும் மூக்கை விட்டு அகலவில்லை. திரைக்கு அப்பாலிருந்து உறிஞ்சுகுழாயின் சளசளப்பு விட்டுவிட்டுக் கேட்டது.

ஏற்பாட்டைப் பேச்சுப் பயிற்சியாளர் நேற்றே விளக்கியிருந்தாள். பயிற்சியாளர் காட்டும் பட அட்டைகளுக்கு அவள் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மொழியும் நினைவும் குடியிருக்கும் மூளைப் புறணியை டாக்டர் மின்முனையால் ஒவ்வோர் இடமாகத் தொடுவார். பேச்சு தடுமாறினால், அவ்விடத்தில் எண்ணிட்ட காகிதத் துணுக்கை வைத்து, அதை வெட்டாமல் விட்டுவிடுவார். தடுமாறாவிட்டால், கட்டியோடு சேர்த்து உறிஞ்சி அகற்றுவார். மூளைக்கு வலி தெரியாது. வாய்தான் காவல்.

"சீப்பு," என்றது வாய்.

அட்டையில் பல்வரிசை கொண்ட ஏதோ ஒன்று இருந்தது. அது எதற்கு உதவும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சற்றுமுன்புவரை தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

நிறுத்தச் சொல்ல முனைந்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்," என்றது வாய். "நீங்க தூங்கிடாம இருந்தா சரி."

அறையே சிரித்தது. இப்படி ஒரு நோயாளி கிடைப்பது அரிது என்றார் டாக்டர். இதுவரை ஓர் எண்கூட வைக்க நேரவில்லையாம்.

அவளுடைய இடக்கை பயிற்சியாளரின் கைக்குள் இருந்தது. வலிமையெல்லாம் திரட்டி அதை அழுத்தினாள். பயிற்சியாளரும் கனிவோடு திருப்பி அழுத்தினாள்.

"பயப்படாதீங்கம்மா. ஒண்ணுகூடத் தப்பா சொல்லல."

"சாவி."

தெரியவில்லை.

"ஏணி."

தெரியவில்லை. சளசளப்பு.

மகள். வெளியே காத்திருக்கும் மகள். அந்த ஒரு முகத்தை இறுகப் பற்றிக்கொண்டாள். புருவத்தருகே மச்சம். எந்தப் புருவம்? சளசளப்பு. மச்சமா?

கடைசி அட்டையைப் பயிற்சியாளர் எடுத்தாள். இன்னும் திருப்பவில்லை.

"என் பொண்ணு," என்றது வாய். "பசி தாங்கமாட்டா. யாராவது அவளச் சாப்பிடச் சொல்லுங்க."

"பாக்காமலே சொல்லிட்டீங்களே!" என்று சிரித்தபடி பயிற்சியாளர் அட்டையைத் திருப்பினாள்.

புகைப்படத்தில் யாரோ ஒரு பெண்.

"அப்ப இந்த இடத்தையும் எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

அவள் அலறினாள்.

"தாராளமா எடுங்க டாக்டர்," என்றது வாய்.